வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து

தேடல் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று போனில் தேடினால் அது அடிவாரத்தைக் காட்டும். ஆபீஸ் இருப்பது ஏற்காட்டில், ஏரிக்கு மேலே, பழைய காபிக் குடோன் ஒன்றின் மாடியில். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை நான் போனை நம்பி பஸ் ஏறி அடிவாரத்தில் இறங்கினேன். போன் காட்டிய இடத்தில் தங்கம்மா என்பவர் போண்டா சுட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "தேடல் ஆபீசுங்களா கண்ணு? அது மேல இருக்குது. இன்னைக்கு நீ அஞ்சாவது ஆளு, ஒரு போண்டா தின்னுட்டுப் போ" என்றார். அந்த ஆபீசால் வியாபாரம் பெருகிய கடை இந்த மலையில் தன்னுடையது ஒன்றுதான் என்றும், தான் இதுவரை எந்த மனுவும் கொடுக்கவில்லை என்றும் சொன்னார்.

ஆபீசின் முழுப்பெயர் மலைவட்டாரச் சிறுதொழில் இணையத் தேடல் மேம்பாட்டு மையம். எங்கள் மலையில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு வெப்சைட் வைக்க இடம் கொடுத்து, யாராவது எதையாவது தேடினால் அந்தக் கடை முதலில் வரும்படி செய்வது அதன் வேலை. நாளைக் காலை பத்து மணிக்குள் நான் அங்கே ஒரு படமும், அந்தப் படத்தைப் பற்றி நூறு எழுத்துக்குள் ஒரு விளக்கமும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எங்கள் ஸ்டூடியோவின் வெப்சைட்டை மூடிவிடுவார்கள்.

இப்போது ராத்திரி மணி பன்னிரண்டரை. அப்பா தூங்குகிறவர்போல் படுத்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. மூடிவிடுவார்கள் என்ற பயம் இல்லை. இது வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் மற்றதையெல்லாம் சொல்ல வேண்டும்.

என் பெயர் கவிப்பிரியா. பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா சின்னராஜ், ஏரிக்குப் போகிற வழியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அதன் பெயர் கனகா ஸ்டூடியோ. கனகா என் அம்மா. அம்மாவுக்கு ஊர் மாரமங்கலம். அங்கே அம்மா வழியில் இப்போது யாரும் இல்லை, எல்லாரும் திருப்பூர் போய்விட்டார்கள். ஒரு மே மாதம், மலர்க்கண்காட்சிக் கூட்டம் முடிந்த மறுநாள், அம்மாவும் முதல் பஸ்ஸில் ஏறித் திருப்பூர் போனாள். பெரியம்மா வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். ஏன் போனாள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசினாள்.

ஆடி மாதம் அப்பா படகில் ஒரு ஜோடியைப் படமெடுக்க எட்டிச் சாய்ந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் ஏரியில் விழுந்துவிட்டது. அம்மாவின் புது நம்பர் அதற்குள்தான் இருந்தது. அப்பாவின் சிம் அம்மா பெயரில் வாங்கியது. அதே நம்பரைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் அம்மா நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். ஆளைக் கூட்டி வந்தால் நம்பர் தருவார்கள். நம்பர் இருந்தால்தான் ஆளைக் கூப்பிட முடியும். அப்பா அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வேறு நம்பர் வாங்கிக்கொண்டு வந்தார். அப்புறம் ஒருமுறை திருப்பூர் போனார். பெரியம்மா இருந்த லைன் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். திரும்பி வந்ததும் கடை போர்டுக்கு வெள்ளை அடித்து, மேலே ஷெவராய் டிஜிட்டல் என்று எழுதினார். எல்லாரும் கனகா எங்கே கனகா எங்கே என்று கேட்கிறார்களாம். அதைப் பற்றி அவர் பேசியது அது ஒன்றுதான்.

மழை பிடித்தால் அந்த வெள்ளை ஊறி, அடியில் பழைய எழுத்து லேசாகத் தெரியும். வெயில் வந்தால் போய்விடும்.

எங்கள் ஊடு மாறவில்லை. அம்மா ஏறிப் போன சேலம் பஸ்ஸும் மாறவில்லை. அதை மட்டும் நான் யோசிப்பதில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படமெடுக்க ஏற்காடு வருகிறவர்கள் இப்போதெல்லாம் போனில் தேடி, முதலில் வருகிற சேலம் ஸ்டூடியோக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் எங்கள் கடை வாசலில் காரை நிறுத்தி, எங்கள் கடைக்கு எதிரிலேயே படமெடுத்துவிட்டுப் போவார்கள். அப்பா உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டரில் நான்தான் ஒரு வெப்சைட் செய்தேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் தெரிந்தது. அதனால்தான் அடிவாரம் வரை போய் மேலே ஏறி வந்தேன்.

ஆபீசில் மூன்று பேர். அலுவலர் பிரபாகர் சார், உதவியாளர் கோபி அண்ணன், தட்டச்சு செய்யும் கண்ணம்மாள் அக்கா. உங்கள் இடத்தைப் போன் தப்பாகக் காட்டுகிறது என்று முதலில் சொன்னேன். பிரபாகர் சார் கோபப்படவில்லை. அதைத் திருத்த மையத்தின் சார்பில் மையத்துக்கே அவர் மனுக் கொடுத்துப் பதினாலு மாதம் ஆகிறது. மனுக் கொடுத்தவரே அதற்கு ஒப்புதல் தருவது முறையல்ல என்பதால் அது அவர் மேசையிலேயே காத்திருக்கிறது.

"அதுவும் ஒரு நல்லதுக்குத்தான் கண்ணு. அவசியம் இருக்கறவங்க எப்பிடியும் தேடிட்டு மேல வந்துருவாங்க. அவசியமில்லாதவங்க அடிவாரத்தோட நின்னுக்குவாங்க" என்றார்.

பிறகு தேடுசொல் ஒதுக்கீடு நடந்தது. ஆட்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்களோ அந்தச் சொல் நம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். மையத்தின் விதிப்படி ஒரு கடைக்கு ஒரு சொல்தான். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள். ஏற்காடு என்ற சொல் ஏற்கெனவே ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டது. ஏரி என்ற சொல்லை மிளகாய் பஜ்ஜிக் கடைக்காரர் வாங்கியிருந்தார். பனி என்ற சொல் கார்த்திகையிலிருந்து தை வரை மட்டும் செல்லும். காதல் என்ற சொல் வேண்டுமானால் இரு வீட்டுப் பெற்றோரிடமும் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கி வர வேண்டும். யாருடைய பெற்றோர் என்று கேட்டேன். அது இன்னும் தீர்மானமாகவில்லை என்றார்கள். போட்டோ என்பது தமிழ் இல்லை என்று அடித்துவிட்டார்கள். கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது நிழற்படக் கலைக்கூடம்.

அப்படி யாரும் தேட மாட்டார்களே என்று சொன்னேன். பிரபாகர் சார் பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடினால் பேசப்போகிறார் என்று அர்த்தம் என்பதால் கோபி அண்ணன் போய்க் கதவைச் சாத்தினார்.

"சனங்க எப்பிடித் தேடறாங்களோ அப்பிடியே நாமளும் வளைஞ்சு குடுத்துட்டுப் போனா அப்பறம் இந்த ஆபீஸ் எதுக்கு? தேடறவங்கதான் திருந்தோணும். நான் முப்பத்தொரு வருசமா சர்வீசுல இருக்கறேன். இன்னை வரைக்கும் எதையும் தேடுனது கெடையாது. எல்லாம் என்ற மேசைக்கு வந்துரும். அந்த நெலமைக்கு சனங்களக் கொண்டு வரோணும்."

அந்த மாதம் நிழற்படக் கலைக்கூடம் என்று தேடி எங்கள் பக்கத்துக்கு இரண்டு பேர் வந்ததாகக் கணக்குக் காட்டியது. ஒருவர் கண்ணம்மாள் அக்கா. மாத அறிக்கைக்காக அவர் எல்லாச் சொல்லையும் ஒரு தடவை தேடிப் பார்த்தாக வேண்டும். இன்னொருவர் நான். ராத்திரியில் நானே எங்கள் கடையைத் தேடுவேன். அது வரும்வரை அடுத்தடுத்த பக்கமாகத் தள்ளிக்கொண்டே போவேன். பதினேழாம் பக்கத்தில் வரும். அதைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல் இருக்கும். அப்புறம்தான் தூக்கம் பிடிக்கும்.

அடுத்தது வேகச் சோதனை. பக்கம் மெதுவாகத் திறந்தால் வருகிறவர்கள் போய்விடுவார்கள், தேடுகிற இயந்திரமும் நம்மைப் பின்னால் தள்ளிவிடும். அது உண்மைதான். எங்கள் பக்கம் ரொம்ப மெதுவு. அப்பா எடுக்கிற படம் ஒவ்வொன்றும் அத்தனை பெரிது. சின்னதாக்கிப் போடலாம் என்றால் விடமாட்டார். கொறச்சா மூஞ்சி போயிரும் கண்ணு என்பார்.

ஆபீஸ் அறைக்குள் சிக்னல் கிடையாது. அதனால் வேகச் சோதனைக்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். கோபி அண்ணன் போனை எடுத்துக்கொண்டு பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறுவார். பிரபாகர் சார் ஜன்னலில் கடிகாரத்தோடு நிற்பார். பக்கம் திறக்கத் தொடங்கும்போது கோபி அண்ணன் துண்டை ஒருமுறை அசைக்க வேண்டும். முழுசாகத் திறந்ததும் இரண்டுமுறை அசைக்க வேண்டும். எங்கள் முறை வந்த அன்று முதல் அசைப்பு நன்றாகத் தெரிந்தது. உடனே பனி இறங்கிவிட்டது. தொட்டியே மறைந்துவிட்டது. சார் ஜன்னலை விட்டு நகரவில்லை. உள்ளிருந்து கூப்பிட்டுக் கேட்கலாமே என்றேன். குரலுக்கு விதியில் இடமில்லை. பனி விலகியபோது கோபி அண்ணன் தொட்டி மேல் உட்கார்ந்து துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திறக்க நாற்பத்து மூன்று நிமிடம் ஆனதாகப் பதிவேட்டில் ஏறியது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில், உரிமையாளர் வேகத்தில் அக்கறை காட்டவில்லை என்று ஒரு குறிப்பு.

கோபி அண்ணனுக்கு மூன்று நாள் காய்ச்சல். அதற்கு விடுப்பு கேட்டபோது, தொட்டி மேல் உட்கார அனுமதி பெற்றாரா என்று கேட்டார்கள்.

நான் அழுவதுபோல் இருந்திருப்பேன். மாடிப்படியில் கண்ணம்மாள் அக்கா என்னை நிறுத்தினார். எங்கள் படங்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறேன் என்று கேட்டார். கேமரா தானாகக் கொடுத்த எண்கள்தான், மாற்றவில்லை என்றேன்.

"தேடற மெஷினுக்குக் கண்ணு தெரியாது சாமி. நீ எத்தனை அழகாப் படம் போட்டாலும் அதுக்கு வெறும் இருட்டுதான். ஒவ்வொரு படத்துக்கும் பொறத்தால, இதுல என்ன இருக்குதுன்னு ரெண்டு வார்த்தை எழுதி வெய்யி. கண்ணு தெரியாதவங்க கேட்டா எப்பிடிச் சொல்லுவியோ அப்பிடி. இருக்கறத மட்டும் எழுது. இல்லாதத எழுதிராத."

அந்த ஆபீசில் எனக்குச் சொல்லப்பட்ட உபயோகமான விஷயம் அது ஒன்றுதான். அது மாடிப்படியில் சொல்லப்பட்டதால் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அறுபது படங்களுக்கு நான் விளக்கம் எழுதினேன். பச்சைச் சேலை கட்டிய மணப்பெண், பின்னால் சில்வர் ஓக் மரங்கள். மாப்பிள்ளை, பெண், காபித் தோட்டம், மாலை வெளிச்சம். எழுத எழுத ஒன்று கண்ணில் பட்டது. மூன்று வருஷத்துக்கு முந்தைய படங்களில் எல்லாப் பெண்களுக்கும் முகத்தின் இரண்டு பக்கமும் வெளிச்சமாக இருந்தது. அதற்குப் பிந்தைய படங்களில் இடது கன்னம் இருட்டாக இருந்தது.

அது அம்மா. வெயில் ஒரு பக்கம் அடித்தால், மறுபக்கம் அம்மா ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த வெள்ளையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பெண்ணின் முகத்தில் விழும். படத்துக்கு ஓர் அடி வெளியே நிற்பாள். அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் அம்மா இருந்தாள். ஆனால் ஒரு படத்திலும் இல்லை. இருக்கிறதை மட்டும் எழுது என்று அக்கா சொல்லியிருந்ததால் நான் எழுதவில்லை.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன். பக்கத்தின் அடியில், வெள்ளைத் தரையில், வெள்ளை நிறத்தில் நாலு வரி எழுதினேன். மனிதக் கண்ணுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. இயந்திரம் நிறம் பார்க்காமல் படித்துவிடும். என்றைக்காவது அம்மா எங்கேயாவது உட்கார்ந்து கனகா ஸ்டூடியோ என்று தேடினால் எங்கள் பக்கம் வரும். இப்படி மறைத்து எழுதுவது தப்பு என்று எனக்குத் தெரியும். அந்தத் தப்பு செய்கிறவர்களை இயந்திரம் கண்டுபிடித்தால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுமாம்.

இயந்திரம் கண்டுபிடிக்கவில்லை. பிரபாகர் சார் கண்டுபிடித்தார். அவர் வெப்சைட்டைக் கம்ப்யூட்டரில் படிப்பதில்லை. எல்லா வெப்சைட்டையும் தாளில் எடுத்து, துளை போட்டு, நாடாவில் கட்டி, அலமாரியில் வைத்துப் படிப்பார். அப்படித் தாளில் எடுக்க மொத்தப் பக்கத்தையும் தேர்வு செய்தபோது பக்கம் முழுக்க நீலமாகியிருக்கிறது. நீலத்தில் என் வெள்ளை எழுத்து பளிச்சென்று நின்றிருக்கிறது.

மறைக்கப்பட்ட உள்ளடக்கம் குறித்து உரிமையாளர் மகளுடன் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று அப்பா பெயருக்கு நோட்டீஸ் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, "என்னத்த கண்ணு மறைச்சு வெச்சே?" என்று கேட்டார். எனக்குத் தெரியாதுங்கப்பா என்றேன்.

விசாரணை இன்றைக்கு நடந்தது. தேடல் விழிப்புணர்வு வாரம் என்பதால் அறை முழுக்கக் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். விதிப்படி, குற்றம் சாட்டப்பட்ட எழுத்தை நிறுத்தற்குறிகளோடு உரக்கப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். கண்ணம்மாள் அக்கா தாளை வாங்கி முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு சாரைப் பார்த்தார். படிங்க என்றார் சார்.

"அம்மா, கால்புள்ளி. கனகா ஸ்டூடியோதான் இப்ப ஷெவராய் டிஜிட்டல், முற்றுப்புள்ளி. போன் ஏரியில விழுந்துருச்சு, முற்றுப்புள்ளி. நம்பர் மாறிருச்சு, முற்றுப்புள்ளி. ஊடு மாறல." அக்கா நிறுத்தினார். சார் கையை அசைத்தார். "முற்றுப்புள்ளி" என்றார் அக்கா.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் கைகளைத்தான் பார்த்தேன். மேசையிலிருந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

பிரபாகர் சார் வரிவரியாக ஆராய்ந்தார். போன் ஏரியில் விழுந்தது என்பது சுற்றுலாவைப் பாதிக்கும் செய்தி. ஊடு என்பது வட்டார வழக்கு, வீடு என்று இருந்திருக்க வேண்டும். கனகா என்று தேடினால் லட்சம் கனகா வருவார்கள். இதெல்லாம் பரவாயில்லை, அடிப்படையிலேயே ஒரு பிழை இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கண்டிப்பு இல்லை. உண்மையாகவே எனக்கு உதவ நினைத்தார் என்று தோன்றுகிறது.

"அம்மாங்கற சொல்லுக்குப் போட்டி நொம்ப அதிகம் கண்ணு. பெரிய பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் அந்தச் சொல்லப் பிடிச்சு வெச்சிருக்கறாங்க. நீ எத்தனை வருசம் எழுதுனாலும் மொத பக்கத்துக்கு வர முடியாது. பொதுவா அம்மான்னா எந்த அம்மா? எந்த ஊரு, என்ன பேரு, எப்பிடி இருப்பாங்க, அப்பிடிக் குறிப்பா எழுதோணும்."

அம்மாவைப் பற்றிக் குறிப்பாக எழுத வேண்டும் என்று மூன்று வருஷத்தில் என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பிறகு தீர்ப்பு. மறைத்து எதையும் வைக்கக் கூடாது. இருந்தால் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். எடுத்துவிடுவதானால் ஏழாம் படிவம். எல்லாரும் பார்க்க வைப்பதானால் எட்டாம் படிவம். ஏழாம் படிவம் ஒரு பக்கம்தான். எட்டாம் படிவத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் கோபி அண்ணன் அதைத் தேடி அலமாரியின் அடித்தட்டில் தலையை விட்டார். தும்மல் சத்தம் மட்டும் கேட்டது. எட்டாம் படிவத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. எங்களுடையது நிழற்படக் கலைக்கூடம் என்பதால், யாரைப் பற்றி எழுதினாலும் அவருடைய படம் இருந்தாக வேண்டும்.

அம்மாவின் படம் எங்களிடம் இல்லை என்று நான் சொன்னேன். எப்போதும் வெளியேதான் நிற்பாள் என்றேன்.

சார் ஏழாம் படிவத்தையும் பேனாவையும் அப்பா பக்கம் நகர்த்தினார். அப்பா பேனாவை எடுத்தார். அதன் மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார்.

"படம் இருக்குதுங்க" என்றார்.

அப்பா பொதுவாக அதிகம் பேசமாட்டார். இன்றைக்கு அந்த ஆபீசில், மூன்று அரசாங்க மேசைகளுக்கு நடுவில் நின்று விளக்கினார். ஜோடி வந்து நிற்பதற்கு முன்னால் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அம்மாவை அந்த இடத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுப்பார். வெளிச்சத்தைத் திருத்துவார். பெண் வந்ததும் அம்மா விலகி அட்டையைத் தூக்கிக்கொள்வாள். அந்த முதல் படத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை, அழித்துவிடுவார்கள்.

"நான் அழிக்கலீங்க. எல்லாத்தையும் ஒரு கார்டுல போட்டு வெச்சிருக்கறேன். நானூத்திப் பன்னெண்டு இருக்குது."

சோதனைக்கு எடுத்த படம் படமாகாது என்றார் பிரபாகர் சார். அது தொழிலின் கழிவு, கலைக்கூடத்தின் படைப்பு ஆகாது. கண்ணம்மாள் அக்கா தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல், "விதியில படம்னுதானுங்க சார் போட்டிருக்குது. நல்ல படம்னு போடலீங்க" என்றார். சார் விதிப்புத்தகத்தை எடுத்து இரண்டுமுறை படித்தார். விதியில் இருந்தால் அவர் எதையும் மறுக்கமாட்டார். அது அவரிடமுள்ள நல்ல குணம். நாளைக் காலை பத்து மணிவரை நேரம் கொடுத்தார். படம் ஒன்று. விளக்கம் நூறு எழுத்து. புள்ளியும் இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும். படத்தில் இருப்பது மட்டும் இருக்க வேண்டும், இல்லாதது எதுவும் இருக்கக் கூடாது.

பனிக்குள் நடந்து வீட்டுக்கு வந்தோம். ஏன் பொய் சொன்னாய் என்று அப்பா கேட்கவில்லை. கேமராப் பையின் அடியிலிருந்து பழைய பிலிம் டப்பா ஒன்றை எடுத்தார். அதற்குள் பஞ்சு வைத்து, பஞ்சுக்குள் கார்டு. என் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார். வாசற்படியில் நின்று, திரும்பாமல் சொன்னார்.

"சின்னதாக் கொறைச்சே போடு கண்ணு. அவ இருக்கற எடத்துல சிக்னல் எப்பிடியோ. சீக்கிரம் தொறக்கோணுமல்ல."

நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் பார்த்துவிட்டேன். பாதியில் கண்ணை மூடியிருக்கிறாள். சிலவற்றில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள், ஒருவேளை என்னை. ஒன்றில் கொட்டாவி விடுகிறாள். எதிலும் சிரிக்கவில்லை. தனக்காக எடுக்கிற படம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு படத்தை எடுத்து வைத்தேன். தலைச்சோலைப் பக்கம் ஒரு பாறை, எல்லாப் பெண்களையும் அப்பா நிற்க வைக்கிற பாறை. அதன் மேல் அம்மா. கையில் தெர்மாகோல். எடுக்கிறவரைப் பார்த்து என்னவோ சொல்கிறாள். சீக்கிரம் எடுங்க என்றிருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். அது தெரிந்தவர் பக்கத்து அறையில் தூங்காமல் படுத்திருக்கிறார்.

இனி என் பயத்தைச் சொல்லலாம்.

இத்தனை நாள் எங்கள் கடை பதினேழாம் பக்கத்தில் இருந்தது. யார் தேடினாலும் கிடைக்காது. அம்மா தேடியிருப்பாள், கிடைத்திருக்காது, அதனால்தான் வரவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. ஆபீசைக் காட்டும் அம்புக்குறி போனில் அடிவாரத்தில் நிற்பதும், யாரும் தேடாத சொல்லை எங்களுக்கு ஒதுக்கியதும், தொட்டியைப் பனி மூடியதும் எனக்கு ஒரு வகையில் உதவியாகத்தான் இருந்தன. நாளைக்கு அம்மாவின் பேரும் ஊரும் முகமும் கறுப்பு எழுத்தில் மேலே வந்துவிடும். மாரமங்கலம் கனகா என்று தேட இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? போட்டியே இல்லை. முதல் பக்கத்தில் முதலில் நிற்போம்.

அப்புறமும் வராவிட்டால்?

வெளியே மழை பிடித்திருக்கிறது. கடை போர்டில் இந்நேரம் பழைய எழுத்து தெரிய ஆரம்பித்திருக்கும். பார்க்கத்தான் ரோட்டில் யாரும் இல்லை.

ஒருவழியாக எழுதிவிட்டேன். ஆபீசுக்குக் கொடுப்பதால் மரியாதை போட்டேன்.

மாரமங்கலம் கனகா. மணப்பெண் நிற்கிற இடத்தில் நிற்கிறார். கையில் வெள்ளைத் தெர்மாகோல். தலைமுடி காற்றில் பறக்கிறது. எடுக்கிறவரைப் பார்த்து ஏதோ சொல்கிறார்.

புள்ளியும் இடைவெளியும் சேர்த்து மூன்றுமுறை எண்ணினேன். தொண்ணூற்று நாலு. ஆறு எழுத்துக்கு இடம் மிச்சம். ஓர் இடைவெளி விட்டு, அம்மா என்று எழுதி, புள்ளி வைத்தேன். அந்தச் சொல்லுக்குப் போட்டி அதிகம்தான். ஆனால் அது படத்தில் இருக்கிறது, யாரும் அடிக்க முடியாது. இப்போது தொண்ணூற்று ஒன்பது.

இன்னும் ஓர் எழுத்து எழுதலாம். வா என்பது ஓர் எழுத்துதான். ஆனால் அது படத்தில் இல்லை. இல்லாததை எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த ஓர் இடத்தை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன்.